ஏழு ‘மிஸ்’, ஒரு கடிதம்

டோக்கியோவின் கிழக்குப் பக்கம், அரகாவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் ரயில் நிலையம் நிஷி கசாய். எடோகாவா வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய. டோசாய் தடத்தில் ஏறினால் மாறாமல் ஓட்டேமாச்சி அலுவலகங்களுக்குப் போய்விடலாம். ஜாமீன் ஆள் கேட்காத, திரும்பி வராத ‘நன்றிப் பணம்’ கேட்காத, யூஆர் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகை அடுக்குமாடிகளும் பக்கத்திலேயே உண்டு. அப்படி ஒரு மாடியில் ஆறு ஆண்டு குடியிருந்துவிட்டு, மகனுக்கு ஏழு வயதாகும்போது கோவைக்குத் திரும்ப முடிவு செய்தாள் என் தோழி. அதே மாடியில் தனியாக இருந்த ஒரு ஜப்பானியப் பாட்டிக்கு நன்றி சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தாள்.

“அக்கா, இதை நல்ல ஜப்பானியத்துல மாத்திக் குடுங்க. அவங்க படிச்சா நானே பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கணும்.”

ஒரே பக்கம்தான். ஆனால் அதில் ‘மிஸ்’ என்ற வினை ஏழு இடத்தில் வந்திருந்தது. வந்த புதிதில் என் நிலையத்தை மிஸ் பண்ணினேன். முதல் சில மாதங்கள் நீங்கள் பேசியதில் பாதியை மிஸ் பண்ணினேன். என் மகன் உங்களோடு காலை உடற்பயிற்சியை ஒரு நாளும் மிஸ் பண்ணவில்லை. போன இலையுதிர்காலத்தில் உங்களை மேடையில் மிஸ் பண்ணிவிட்டேன். கோவை வந்தால் எங்கள் வீட்டை மிஸ் பண்ணவே முடியாது. மகன் இப்போதே உங்களை மிஸ் பண்ணுகிறான். நான் உங்களை மிஸ் பண்ணுவேன்.

ஏழையும் ஜப்பானியத்தில் வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வரைவில் நான்கு தவறு. அதில் ஒன்று அந்தப் பாட்டியின் மனதைப் புண்படுத்தியிருக்கும். அந்த மூன்று வாரத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வரைவு

அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கென்க்யூஷா பதிப்பகத்தின் பெரிய ஆங்கில-ஜப்பானிய அகராதி 1927-இல் முதலில் வந்து, 2002-இல் ஆறாம் பதிப்பு கண்டது. இந்த மாதிரி அகராதிகளில் ‘மிஸ்’ பதிவின் கீழே ஜப்பானியச் சொற்கள் வரிசையாக நிற்கும். ரயிலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு மூன்று, ஏக்கத்துக்கு ஒன்று என்று ஏழுக்கும் ஏழு எடுத்துப் பொருத்தினேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வட்டாரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்பு ஒன்று உண்டு. அங்கே சொல்லிக்கொடுக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையிடம் வரைவைக் காட்டினேன். சென்செய் (ஆசிரியரை ஜப்பானியத்தில் அப்படித்தான் அழைப்போம்) சிவப்புப் பேனாவை எடுத்தார், ஆனால் உடனே எதையும் திருத்தவில்லை. முதல் வரியைக் காட்டி, “ரயில் போய்விட்டதா, நிலையம் போய்விட்டதா?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

நிலையம்

ஜப்பானியத்தில் இந்த வகை நழுவல்களைச் சொல்ல இரண்டு வினைகளை ஒட்டுவார்கள். முதல் வினை, நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது: ஏறுவதா, பார்ப்பதா, கேட்பதா. இரண்டாவது, அது எப்படிக் கைநழுவியது என்பது: தாமதித்தா, கடந்துபோயா, தவறவிட்டா, கீழே விழுந்தா, கெட்டுப்போயா. ‘நொரி’ என்றால் வண்டியில் ஏறுவது, பயணிப்பது. நொரி-ஒகுரெரு என்றால் தாமதமாக வந்து வண்டியை விட்டுவிடுவது. நொரி-சுகொசு என்றால் வண்டிக்குள்ளே இருந்தபடி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போவது. நொரி-கொசு என்றாலும் தாண்டிப்போவதுதான், ஆனால் அதில் டிக்கெட் கணக்கின் வாசனை இருக்கும். கூடுதல் தூரத்துக்குப் பணம் கட்டும் இயந்திரத்தின் அருகே அந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

நான் முதலில் போட்டது நொரி-ஒகுரெரு. ‘மிஸ்’ என்றதும் கை அதற்குத்தான் போனது. அதன்படி தோழி நிலையத்துக்கே தாமதமாக வந்துவிட்டாள் என்று ஆகிறது, அர்த்தமே இல்லை. சென்செய் கேட்டதும் நொரி-சுகொசு என்று மாற்றினேன். அவர் அதற்கும் தலையசைக்கவில்லை. “தூங்கிவிட்டாரா? போன் பார்த்துக்கொண்டிருந்தாரா?”

தோழிக்கு போன் செய்து கேட்டேன். “இல்லக்கா. ஓட்டேமாச்சியில கைசொகுல ஏறிட்டேன். கைக்குழந்தையோட. ஜன்னல்ல நிஷி கசாய் போர்டு தெரியுது, வண்டி நிக்கவே இல்ல. அழுகையே வந்துருச்சு. எதிர்ல உக்காந்திருந்தவங்கதான் பாட்டி. என்கூட உராயாசுல இறங்கி, எதிர் பிளாட்பாரத்துல வண்டி ஏத்தி, வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்தாங்க. பார்த்தா அதே மாடி!”

டோசாய் தடத்தில் போகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். கைசொகு என்ற விரைவு வண்டி டோயோச்சோ வரை எல்லா நிலையத்திலும் நிற்கும். அதன் பிறகு மினாமி சுனாமாச்சி, நிஷி கசாய், கசாய் மூன்றையும் விட்டுவிட்டு நேரே உராயாசு. அது பக்கத்து மாநிலமான சிபாவில் இருக்கிறது. தடம் அங்கே தரைக்கு மேலே ஓடுவதால், நம் நிலையம் கண்ணெதிரே ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அதாவது அவள் கவனக்குறைவாக இருக்கவில்லை. தெரியாமல் வேறு வண்டியில் ஏறினாள், வண்டி நிலையத்தைக் கடந்தது. நொரி-சுகொசு என்று எழுதினால் அவள் தூங்கி வழிந்த பழி வந்துவிடும். கடைசியில் எழுதியது: “கைசொகு வண்டியில் ஏறிவிட்டேன், நிஷி கசாய் கடந்துபோய்விட்டது.” இதில் ‘மிஸ்’ என்ற வினையே இல்லை. அதன் வேலையைச் செய்தது ஜப்பானியத்தின் ‘தே ஷிமாவு’ என்ற துணைவினை. ஷிமாவு என்றால் முடித்து எடுத்துவைப்பது. வேறொரு வினையின் பின்னால் வந்தால், காரியம் நடந்து முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது, ஐயோ, என்ற தொனி வரும். நம் ‘விடு’ போலவேதான். பேச்சில் சுருங்குவதுகூட அதே மாதிரி: நாம் ‘ஏறிவிட்டேன்’ என்பதை ‘ஏறிட்டேன்’ ஆக்குகிறோம், அவர்கள் ‘நொத்தே ஷிமத்தா’வை ‘நொச்சத்தா’ ஆக்குகிறார்கள்.

இதைக் கண்டபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் சாதாரணமானது இல்லை. தோழி போனில் தமிழில் சொன்ன வாக்கியம் ஏறக்குறைய அப்படியே ஜப்பானியத்தில் உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்த ஆங்கிலம்தான் விவரத்தைத் தின்றிருந்தது. அன்றிலிருந்து மீதி ஆறு இடங்களுக்கும் வேலை முறையை மாற்றினேன். ஆங்கில வாக்கியத்தைப் படித்துக் காட்டி, “இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவ?” என்று அவளிடமே கேட்டேன்.

ஆங்கிலம் ஏழை மொழி என்று சொல்ல வரவில்லை. எல்லா மொழியிலும் இப்படிப் பெரிய பை மாதிரி சில வினைகள் இருக்கும். நம் ‘போடு’வை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், செருப்பு போடுகிறோம், தொப்பி போடுகிறோம், கண்ணாடி போடுகிறோம். ஜப்பானியத்தில் சட்டைக்கு கிரு, செருப்புக்கு ஹகு, தொப்பிக்கு கபுரு, கண்ணாடிக்கு ககெரு. அங்கே தமிழ் வழியாகப் போனால் நாமும் இதே குழியில்தான் விழுவோம். ‘மிஸ்’ விஷயத்தில் தமிழ் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

காதும் காலையும்

இரண்டாவது, பேச்சில் பாதியை விட்டது. நான் கிகி-நொகசு என்று போட்டிருந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் நழுவவிடுவது, அதாவது கவனம் வேறெங்கோ இருந்தது என்று பொருள். பாட்டி பேசப் பேச இவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்றாகிவிடும். தோழியின் தமிழ்: “பேசுறது காதுல விழும், ஆனா பிடிபடாது.” அதற்கு கிகி-தொரெனாய். கேட்டு எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பது. பிரச்சினை கவனத்தில் இல்லை, மொழித் திறனில்தான் என்று அது தெளிவாகச் சொல்லிவிடும். இதை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது, காலை உடற்பயிற்சி. ஜப்பானில் 1928-இல் வானொலியில் தொடங்கிய ரேடியோ தாய்சோ இன்றும் காலை 6:30-க்கு ஒலிபரப்பாகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போவார்கள். பியானோ இசைக்கு ஏற்பக் கையைக் காலை ஆட்டி முடித்ததும், பெரியவர் ஒருவர் அட்டையில் அன்றைய கட்டத்தில் முத்திரை குத்துவார். வகுப்புக்குப் போகவில்லை என்பதற்கு ஜப்பானியர் யசுமு என்பார்கள். ஓய்வெடுப்பது என்ற அதே சொல். அதைப் போட்டு ‘ஓய்வெடுக்காமல் வந்தான்’ என்று எழுதியிருந்தேன். தப்பில்லை. ஆனால் சென்செய் ‘இச்சினிச்சி மொ ககசஸு’ என்று திருத்தினார். ஒரு நாளும் குறைவைக்காமல் என்பது. அட்டையில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை என்ற காட்சி அதில் வந்துவிடுகிறது. நம் ‘ஒரு நாள் தவறாம’ அங்கே நேராகப் பொருந்தும்.

இந்த இடத்தில் வேறொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜப்பானியத்திலும் ‘மிசு’ என்று ஒரு கடன்சொல் புழங்குகிறது. நம்மவர்களுக்கு அது பெரிய கண்ணி. மிசு சுரு என்றால் பிழை செய்வது. காலைக் கூட்டத்துக்கு வர முடியாமல் போனதை “மிசு ஷிமஷ்தா” என்று சொன்னால், கேட்கிறவர் நீங்கள் வேலையில் ஏதோ தவறு செய்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறீர்கள் என்று நினைத்து, என்ன தவறு என்று விசாரிப்பார். நாம் தமிழில் ‘மிஸ் பண்ணிட்டேன்’ என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகியவர்கள் என்பதால், வாய் தானாக அங்கே போய்விடுகிறது. கவனமாக இருங்கள்.

மேடை

இனி அந்தப் பெரிய தவறு.

பாட்டி வட்டார நடனக் குழுவில் இருந்தார். போன இலையுதிர்காலத்தில் அவர்கள் குழு மேடையேறியது. தோழியை அழைத்திருந்தார். அன்று அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு அவளால் போக முடியவில்லை. ஆங்கிலத்தில் “உங்களை மேடையில் மிஸ் பண்ணிவிட்டேன், மன்னிக்கவும்” என்று எழுதியிருந்தாள்.

பார்க்கத் தவறுவதற்கு ஜப்பானியத்தில் மூன்று சொல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மி-நொகசு, மி-ஒதொசு, மி-சொகொனவு. மூன்றிலும் முதல் பாதி ‘பார்’. மி-ஒதொசு என்றால் கண்ணுக்கு முன்னால் இருந்தும் படாமல் போவது. கணக்கில் ஒரு பிழை, படிவத்தில் ஒரு கட்டம், அந்த மாதிரி. மி-நொகசு என்றால் பார்க்கும் வாய்ப்பை நழுவவிடுவது. ஆனால் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் அதையேதான் சொல்வார்கள். ‘இந்த ஒரு தடவை விட்டுடுங்க’ என்று போலீஸ்காரரிடம் கெஞ்சுவதும் அதுதான். மூன்றாவது மி-சொகொனவு. சொகொனவு என்றால் கெடுத்துக்கொள்வது, தவறிப்போவது. ஒரு படத்தைப் பார்க்காமல் போனதற்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ‘விரும்பியும் நடக்காமல் போனது’ என்ற வருத்தம் அதில் இருப்பதாக நினைத்து நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

படத்துக்குப் பதில் ஆளை வைத்ததுதான் வினையாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘உங்களை’ என்று இருந்ததால், நானும் பாட்டியைச் செயப்படுபொருளாக வைத்து அந்த வினையை முடித்திருந்தேன். ஆளோடு சேரும்போது மி-சொகொனவு என்பதற்கு ‘அவரைத் தவறாக எடை போட்டுவிட்டேன்’ என்று பொருள். பேச்சில் ஒருவர் முகத்துக்கு நேரே “மிசொகொனத்தா” என்றால், “உன்னைப் போய் நல்லவன்னு நினைச்சேனே” என்று சொல்வது. நட்பு முறியும் இடத்தில் வரும் வசனம் அது.

நன்றிக் கடிதத்தின் நடுவில், ‘போன இலையுதிர்காலத்தில் உங்களைப் பற்றி நினைத்தது எல்லாம் தப்பு என்று தெரிந்துகொண்டேன், மன்னிக்கவும்’ என்கிற மாதிரி ஒரு வரி. சென்செய் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். சிரிக்கவில்லை. “நல்லவேளை, கொண்டு வந்தீர்கள்” என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. எண்பது வயதைத் தொடும் ஒரு பெண்மணி, ஆறு ஆண்டு பழகிய பிள்ளைகள் ஊருக்குப் போகும் நேரத்தில், அந்த வரியை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

தோழியிடம் தமிழில் கேட்டேன். “போக முடியாம போச்சேன்னு மனசுல இன்னும் நிக்குதுக்கா.” சென்செயிடம் இதை விளக்கினேன். அவர் உடனே கொகொரொ-நொகொரி என்ற சொல்லை எழுதினார். கொகொரொ என்றால் மனம், நொகொரி என்றால் மீந்து நிற்பது. “இலையுதிர்கால நடன நிகழ்ச்சிக்கு வர முடியாமல் போனது இன்றும் கொகொரொ-நொகொரியாக இருக்கிறது.” இங்கேயும் ‘மிஸ்’ இல்லை, ‘உங்களை’யும் இல்லை.

‘உங்களை’ என்றதும் நினைவு வருகிறது. ஆங்கிலக் கடிதத்தில் ‘யூ’ வரிக்கு வரி இருந்தது. ஜப்பானியத்தில் வயதில் மூத்தவரை ‘அனதா’ என்று எழுதினால் மரியாதைக் குறைவு. தேவையான இடத்தில் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்தோம், மற்ற இடத்தில் எல்லாம் எடுத்துவிட்டோம். மகன் சொல்வதாக வரும் வரியில் மட்டும் ஒபாச்சான், பாட்டி.

ஐந்தாவது, கோவை வீடு. சுகு வகரிமஸ். ‘போனதும் தெரிஞ்சிரும்’ என்பது. முதல் வரைவில் சரியாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று.

பிரிவு

கடைசி இரண்டுக்கும்தான் இரண்டு வாரம் போனது.

ஒருவரைப் பிரிந்து ஏங்குவதை ஆங்கிலம் ஒரு செயலாகச் சொல்கிறது. நான் செய்கிறேன், உன்னைச் செய்கிறேன். ஜப்பானியத்தில் அப்படி ஒரு வினை இல்லை. நமக்கும் இல்லை, அதனால்தான் ‘மிஸ்’ஸைக் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். அவர்களிடம் இருப்பவை நிலையைச் சொல்லும் சொற்கள். கொயிஷீ என்றால் ஏக்கம். ஊர் மீதும் அம்மாவின் சமையல் மீதும் வரலாம், ஆனால் ஆள் மீது வந்தால் காதல் வாசனை அடிக்கும். அயிதாய் என்றால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்பது. நத்சுகஷீ என்றால் பழையதை நினைத்து நெஞ்சு இளகுவது. பத்து வருடம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் வருவது அது. நேற்று வரை பார்த்த பாட்டிக்குப் பொருந்தாது. மிஞ்சியது சபிஷீ. தனிமை, வெறுமை, அருகில் ஆள் இல்லாத குளிர்.

ஆறாவது வரி மகனைப் பற்றியது. ‘மகன் சபிஷீயாக இருக்கிறான்’ என்று எழுதியிருந்தேன். சென்செய் அடித்தார். ஜப்பானியத்தில் இன்னொருவர் மனதுக்குள் இருப்பதை நாம் நேரடியாக அறிவிக்கக் கூடாது. வெளியே தெரியும் அடையாளத்தைத்தான் சொல்லலாம். அதற்கு சபிஷீயோடு ‘கரு’ என்ற விகுதி சேர்ந்து சபிஷிகரு ஆகும். அந்த உணர்வைக் காட்டுகிற மாதிரி நடந்துகொள்கிறான் என்று அர்த்தம். தமிழில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, ‘அவனுக்கு ஏக்கமா இருக்கு’ என்று தாராளமாகச் சொல்வோம். இங்கே தமிழ் உதவாது என்று நினைத்தேன். ஆனால் தோழி சொன்ன வார்த்தை வேறு. “புள்ள இப்பவே பாட்டியைத் தேடுறான்க்கா. கதவு சத்தம் கேட்டா ஓடிப்போய் எட்டிப் பாக்குறான்.”

தேடுறான். மனதைச் சொல்லாமல் நடத்தையைச் சொல்லும் சொல். சபிஷிகரு என்பதற்குத் தமிழில் இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியாது. கதவுச் சத்தத்துக்கு எட்டிப் பார்ப்பதையும் கடிதத்தில் சேர்த்தோம். ஆங்கிலத்தில் அது இல்லை, அவளைக் கேட்டுத்தான் சேர்த்தேன்.

ஏழாவது: நான் உங்களை மிஸ் பண்ணுவேன். இதற்கு நான் வைத்திருந்தது ‘சபிஷிகு நரிமஸ்’. வெறுமையாகிவிடும் என்று பொருள், பிரிவில் எல்லோரும் சொல்வது, எங்கும் கேட்பது. இதிலாவது தவறு இருக்காது என்று நம்பினேன். சென்செய் இதைத் தவறு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது பெரும்பாலும் இங்கேயே இருக்கப்போகிறவர் சொல்வது” என்றார்.

உண்மைதான், யோசித்தால் புரிகிறது. சபிஷிகு நரிமஸ் என்பதில் எழுவாய் இல்லை. வெறுமையாகப் போவது இந்த இடம்: இந்த மாடி, இந்த நடைபாதை, இந்தப் பூங்கா. அதை முதலில் உணரப்போவது போகிறவர் இல்லை, இங்கே தங்குகிறவர். போகிறவர் சொன்னாலும் புரியும், ஆனால் அவருக்கு வேறு வாக்கியம் நன்றாக இருக்கும். ‘இனிப் பார்க்க முடியாதே என்று நினைத்தால் சபிஷீயாக இருக்கிறது.’ அப்படியே எழுதினோம். தோழியின் தமிழும் அதுதான்: “இனிமே பாக்க முடியாதேன்னு நினைச்சா என்னமோ மாதிரி இருக்கு.”

மார்ச் மாதக் கடைசியில், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், கடிதத்தைக் கொடுக்க நானும் கூடப் போனேன். கடிதத்தின் அடியில் பையன் கோணல்மாணலான ஹிராகானாவில், மறுபடி ரேடியோ தாய்சோ செய்யலாம் என்று தானே எழுதியிருந்தான். பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே முழுவதையும் படித்தார். கைசொகு வரியில் “ஆமாம், உராயாசு, உராயாசு” என்று தலையை ஆட்டினார். நடன நிகழ்ச்சி வரியில் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டார். முடித்ததும் கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துவிட்டு, காலியாகிக்கொண்டிருந்த எதிர் வீட்டையும் வெளியே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளையும் பார்த்தார்.

“சபிஷிகு நரிமஸ் நே” என்றார்.